முதல் துண்டு வாசலில்

டொக். டொக் டொக். கண்ணைத் திறக்கவில்லை. இரும்பின்மேல் இரும்பு படுகிற சத்தம், விட்டு விட்டு, தட்டுகிற கை ஓய்ந்துபோய் மறுபடி கொஞ்சம் தெம்பு வந்து தட்டுகிற மாதிரி. மாடிப்படிக் கைப்பிடிதான், வேறென்ன, சாந்தாமணி டார்ச் லைட்டால் கைப்பிடிக் கம்பியைத் தட்டுகிறாள், ஓடு ஓடு என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் எழவில்லை. கன்னத்துக்கு அடியில் ஏதோ சொரசொரவென்று, காசு காசாக மேடு வைத்தது, புது பிளாஸ்டிக்கின் காந்தல் வாசனை. இத்தனைக்கும் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அவள் தட்டியபோது நான் நாலு கிலோமீட்டர் தள்ளி மில்லுக்குள் இருந்தேன். கேட்காத சத்தம்தான் இப்படித் தினமும் கேட்கிறது. கண்ணைத் திறந்தால் வெயில். பத்தரை மணி வெயில், கேட்டுக் கம்பிகளின் நிழல் என் கைமேல் வரி வரியாக. கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா, ஒரு கையில் சோற்றுப் போசி, இன்னொரு கையில் சாவிக்கொத்து, அந்தச் சாவியால்தான் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். “ஏந்தம்பி, காருக்குக் கம்பளம் விரிக்கிறீங்களா? காரத்தான் வித்துப்போட்டீங்களே.” காருக்கில்லீங்கக்கா, சாந்தாவுக்கு என்றேன். “அதான பாத்தேன். காருக்கு என்னத்துக்கு இத்தன பவுசுன்னு. இந்தாங்க, அரிசிம்பருப்பு. சூடு ஆறங்காட்டித் தின்னுபோட்டுப் படுங்க. கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாட்ட இருக்குது. போசிய அப்பறம் வந்து வாங்கிக்கறேன்.” கீழே வைக்க இடம் தேடினேன், தரைத் துண்டுகள் வந்த பெட்டியில் இருந்த காகிதம் ஒன்று கிடந்தது, அதை விரித்து அதன்மேல் போசியை வைத்தேன். தின்னவில்லை. தூங்கவும் நேரமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் வீட்டுக்காரி வருகிறாள்.

வருகிறாள் என்று சொல்லக் கூடாது. பார்க்க வருகிறாள். ஏழு மாசமாகப் பொள்ளாச்சியில் அவள் தம்பி நந்தகோபால் வீட்டில் இருக்கிறாள், அவன் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவான், பிடித்தால் இருப்பாள், பிடிக்காவிட்டால் அதே காரில் திரும்பிப் போவாள். போனால் அவ்வளவுதான். நந்தகோபால் போன மாசமே சொல்லிவிட்டான், “மாமா, தப்பா நெனைக்காதீங்க, வீட்டுக்குப் பின்னால பொறவடைல அக்காவுக்குன்னே ஒரு ரூம் எடுத்துரலாம்னு இருக்கறேன். செங்கல்லு வந்து எறங்கிருச்சு.” நல்ல பையன், மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் சொன்னான், அதனால்தான் பயமாக இருந்தது. சண்டை போட்டுச் சொன்னால் திருப்பிச் சண்டை போடலாம். இறங்கிவிட்ட செங்கல்லோடு என்ன சண்டை. எங்கள் வீடு மேலே இருக்கிறது. கீழே கார் ஷெட், ஒரு பாத்ரூம், மேலே இரண்டு அறை, நடுவில் பதினேழு படி. ரெண்டு சென்ட்டில் வேறெப்படிக் கட்டுவது. அவள் இடுப்பில் கம்பி வைத்த டாக்டர் இனி படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார், அப்புறம் மேலே இருக்கிற வீடு அவளுக்கு வீடில்லை, பக்கத்து ஊர் மாதிரி. அதனால் காரை விற்றேன். ஷெட்டில் சுவருக்கு வெள்ளையடித்தேன். மூன்று நாள் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டு எண்ணெய்க் கறையைத் தேய்த்தேன், கறை போகவில்லை, வெளுத்துப் பெரிதாகி எங்கேயோ ஒரு தீவு மாதிரி ஆகிவிட்டது. போனில் சாந்தாமணியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். “ஏனுங்க, ஷெட்டுலயா என்னயக் கொண்டாந்து நிறுத்தப் போறீங்க?” நிறுத்த என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே போய் இந்தத் துண்டுகளை வாங்கி வந்தேன்.

நல்ல சாமான். ஒரு அடிக்கு ஒரு அடி, சாம்பல் நிறம், பசையில்லை சிமென்ட்டில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் வளையம், மற்ற இரண்டு பக்கம் அடியில் முளை. ஒன்றின் முளையை இன்னொன்றின் வளையத்துக்குமேல் வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, டொக் என்று உட்கார்ந்துகொள்ளும். காலுக்குக் குளிராது, வழுக்காது, அவள் பிடித்து நடக்கிற நாலுகால் வாக்கர் ஊன்றினால் நகராது. விடியற்காலை மில்லிலிருந்து வந்து உடுப்பைக்கூட மாற்றாமல் ஆரம்பித்தேன். பின்சுவரிலிருந்து ஆரம்பித்தேன். வாங்கும்போதே கடைப்பையன் ஏதோ சொல்ல வந்தான், அண்ணா மொதல்ல என்று வாயெடுத்தான், தெரியும் தம்பி என்றேன். தெரியும் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. மில்லில் என் ரவுண்டு அப்படித்தான், ராத்திரி பத்து மணிக்குக் கடைசிச் சுவரோரத்து மெஷினில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் விடியும்போது வாசல் மெஷினில் இருப்பேன், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். இருபத்தாறு வருஷமாக வாசல் என்பது எனக்குக் கடைசியில் வருகிற இடம். டொக். ஒரு வரிசை. டொக். இரண்டாவது வரிசை. சுத்தியல் விழுகிற ஒவ்வொரு தடவையும் தலைக்குள் ஒரு நொடி பிந்தி இன்னொரு டொக், கம்பியில் விழுகிற டொக். அலமாரித் தட்டில் அந்த டார்ச் இருக்கிறது, ஸ்டீல் டார்ச், கண்ணாடி இல்லை, தலை நசுங்கியிருக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, கண்ணெதிரே வைக்கவும் முடியவில்லை, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கிறது என்பது தெரிந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருதரம்தான் நல்ல தண்ணீர், அதுவும் ராத்திரி ஒன்றரைக்கோ இரண்டுக்கோ. தெருவே எழுந்து மோட்டார் போடும், குடம் உருளும், ஆளுக்கு ஆள் சத்தம் கொடுப்பார்கள், தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு. நான் அந்தக் கூட்டத்தில் இருந்ததே அபூர்வம். வருஷம் முழுக்க அவள்தான் இறங்கிப் போவாள், டார்ச்சை எடுத்துக்கொண்டு பதினேழு படி, கீழே மோட்டார் சுவிட்ச், மறுபடி பதினேழு படி. அன்றைக்குப் பதினோராவது படியில் கால் போய்விட்டது. போன் மேலே கட்டிலில். காலை ஆறரைக்கு நான் வந்து கேட்டைத் திறக்கும்போது படியின் அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கைப்பிடியை விடாமல். அழுகை இல்லை. என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, “தண்ணி போயிருச்சுங்க.” இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது, பகலில் விழித்திருக்கிற ஆட்கள் யாரையும் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் மட்டும் விழுந்த நேரம் இரண்டு மணி என்றேன், அவர் எழுதிக்கொண்டார், நாலரை மணி நேரம் என்று எழுதவில்லை. நாலரை மணி நேரம் தட்டிட்டேதான் இருந்தனுங்க என்று அப்புறம் ஆஸ்பத்திரியில் சொன்னாள், குறை சொல்கிற குரலில்லை, மோட்டார் போட்டுட்டனுங்க என்று சொல்கிற அதே குரல். பொள்ளாச்சிக்குப் போனபின் ஒருதரம் போனில் கேட்டாள், சரி வந்துட்டா, ராத்திரிக்கு யாரு இருப்பாங்க? நான் சொன்னேன், “முளை போய் வளையத்துல உக்காந்துக்கும் சாந்தா, ஆனை ஏறினாலும் அசையாது.” உம் என்றாள். அந்த உம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது தரையைப் பற்றி. தெரிந்தேதான் சொன்னேன்.

ஆறாவது வரிசை, ஏழாவது வரிசை. முதுகுத்தண்டில் ஒரு இடம் தனியாகச் சூடாகிறது. பழைய இரும்பு வாங்குகிறவனின் ஒலிபெருக்கி தெரு முனையில் கத்தித் திரும்பிப் போகிறது. பகல் என்பது எவ்வளவு சத்தம், எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சூப்பர்வைசர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், கொழந்தவேலண்ணா, பகல் ஷிஃப்டுக்கு வந்துருங்க, வீட்டு நெலமை எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பார்க்கிறேன் சார் என்றேன். மூன்று தடவையும் அதே பார்க்கிறேன் சார். என்ன பார்ப்பது. கழிவுப்பஞ்சு கூட்டுகிற ஆளாக உள்ளே போனவன் நான். பகலில் மெஷினைத் தொட்டால் ஃபிட்டர்கள் விளக்குமாற்றைக் காட்டுவார்கள், உன்ற வேலை அதுடா. ராத்திரிதான் யாரும் இல்லாமல் மூடியைக் கழற்றிப் பார்க்க விட்டது, எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று நானே தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டேன், விரலில் ஒரு நுனி போனது, அதுதான் எனக்கு சர்டிபிகேட். இப்போது பகலில் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் நிற்கிறார்கள், எதைக் கேட்டாலும் பேர் சொல்கிறார்கள், எனக்குப் பேர் தெரியாது, சத்தம்தான் தெரியும். அவர்கள் நடுவில் இந்த வயதில் போய் நின்று, அண்ணன் எந்த வருஷம் ட்ரெயினிங் முடிச்சீங்க என்று ஒருத்தன் கேட்டால். அது ஒன்று. இன்னொன்று இதைவிட மோசம், ராத்திரி வீட்டில் இருந்தால் நான் என்ன செய்வேன். செவ்வாய்க்கிழமை லீவு ராத்திரிகளில் அவள் பக்கத்தில் படுத்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன், ஒரு மணிக்குமேல் தாங்காது, பூனை மாதிரி இறங்கி இந்த ஷெட்டுக்கு வந்து எதையாவது கழற்றித் தட்டிக்கொண்டிருப்பேன். பழைய மிக்சி, கேட்டின் கீல், காரின் பம்பர். காலையில் அவள் சிரிப்பாள், “பேரு மட்டுங் கொழந்த இல்லீங்க, ராத்திரி முழிக்கறதுங் கொழந்தையாட்டத்தான். என்ன, தாலாட்டுனாத் தூங்கற ஜாதியில்ல.” எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒன்றேகாலுக்குக் கடைசி வரிசையும் உட்கார்ந்துவிட்டது. எழுந்து நின்று பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குளம் மாதிரி, எண்ணெய்த் தீவு இல்லை, ஷெட் இல்லை, அறை. இனி வாசலில் சரிவுத் துண்டுகள் மட்டும். வெளியிலிருந்து வருகிற வாக்கரின் கால் தரையின் விளிம்பில் இடிக்காமல் ஏறுவதற்கு, நீளமாக ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். எடுத்து வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன், மெலிந்த பக்கம் உள்ளே வருகிறது. தட்டினேன். இன்னும் ஓங்கித் தட்டினேன். குனிந்து பார்த்தேன். சரிவுத் துண்டில் வளையம். கடைசி வரிசையின் விளிம்பிலும் வளையம். வளையத்தில் வளையம் எப்படி உட்காரும். கடைசி வரிசையை மட்டும் திருப்பினால் அதற்கு முந்தின வரிசையோடு சேராது, அதைத் திருப்பினால் அதற்கு முந்தினது, அப்படியே பின்சுவர் வரைக்கும். மொத்தத் தரையும் தலைகீழ். சரிவு இல்லாமல் விட்டால் விளிம்பு அரை இஞ்ச் உயரம். அரை இஞ்ச்தானே என்று ஒரு குரல், வாக்கரை அவள் தூக்கி வைக்கமாட்டாள், தள்ளித்தான் நடப்பாள் என்று இன்னொரு குரல், பதினோராவது படிக்கு என்ன உயரம் இருந்தது, மற்ற படிகளுக்கு இருந்த உயரம்தானே. உட்கார்ந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே ஒரு நாய் நின்று என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனது. வராதே என்று போன் பண்ணிவிடலாமா. இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றால் நந்தகோபால் சரிங் மாமா என்பான், மரியாதையாக, அந்த ஒரு வாரத்தில் செங்கல் சுவராகிவிடும்.

கேட் திறந்தது, போசிக்கு வந்த ருக்குமணியக்கா. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். “தொடவே இல்ல. தெரியும் எனக்கு.” தரையைப் பார்த்துவிட்டு, “அம்சமா இருக்குது. முடிஞ்சுதுங்களா?” முடியலீங்கக்கா, தலைகீழாப் போட்டுட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தவள் போசியை எடுத்தபடி அப்படியே நின்றாள். போசிக்கு அடியிலிருந்த காகிதத்தில் படம், ஒரு வாசல், வாசலில் சரிவுத் துண்டு, அங்கிருந்து உள்ளே போகிற ஒரு அம்புக்குறி. மூணு வயசுக் குழந்தைக்குக்கூட விளங்கும். முதலில் வாசல். மேலே பருப்பின் சூட்டு வட்டம். “ஒண்ணு சொல்லோணும் தம்பி,” என்றாள், குரல் மாறியிருந்தது. “அவ வர்றதுக்குள்ள சொல்லிப்போடோணும்னு காலைலயே வந்தேன், சொல்ல வாய் வல்ல. அன்னைக்குத் தண்ணி வந்த ராத்திரி நானும் முழிச்சுத்தான் இருந்தேன். டொக்கு டொக்குனு கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நீங்கதான்னு நெனச்சுட்டேன் தம்பி. நீங்கதான் ராத்திரில எதையாச்சும் தட்டீட்டு இருப்பீங்களே. உங்களுக்கு என்னைக்கு லீவுன்னு நானென்ன கண்டேன். தம்பி இன்னைக்கு என்னத்தப் பிரிச்சுப் போட்டிருக்குதோன்னு நெனச்சுட்டு, கொடத்த நெறைச்சு வெச்சுப்போட்டுப் படுத்துட்டேன். ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்திருந்தா.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்க மேல தப்பில்லீங்கக்கா என்றேன். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து போசியை மறுபடி வைத்தாள், “இத ரெண்டு வாயாச்சும் தின்னுங்க, ஆறிப்போனாலும் பரவால்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தரையில் மல்லாந்து படுத்தேன். முதுகில் காசு காசாக மேடு. அவள் தட்டியது தெருவுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டவர்களுக்கு அது என் சத்தமாகக் கேட்டிருக்கிறது. ஏழு மாசமாக நான் அங்கே இல்லை, இல்லை என்று என்னையே அரித்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை, இருந்திருக்கிறேன், அவள் சத்தத்துக்குமேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை செவ்வாய்க்கிழமைகளாகத் தட்டித் தட்டி இந்தத் தெருவின் காதை மழுக்கியிருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்பதற்காக. பக்கத்தில் ஒருத்தி மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை என்பதற்காக. கூரையில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. பல்லிக்குப் பின்னால், கூரைக்கு மேலே, யாரும் இல்லாத இரண்டு அறை, மடித்து வைத்த அவள் சேலைகள், நான் சாப்பிட்டுக் கழுவாத ஒரு தட்டு. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை, போன் அடித்தது. சாந்தாமணி. “கெளம்பியாச்சுங்க. நந்து டீசல் போட்டுட்டு இருக்கறான். தரை முடிஞ்சுதுங்களா?” இல்லை என்றேன். திருப்பிப் போட்டுட்டேன், வாசல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோணும், நான் சுவத்துல இருந்து ஆரம்பிச்சுட்டேன், எல்லாத்தையும் பிரிக்கோணும். அந்தப் பக்கம் சிரிப்பு. “உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே.” அப்புறம் சிரிப்பு நின்றது, வண்டிக் கதவு சாத்துகிற சத்தம், அவள் ஏதோ கேட்கப் போகிறாள், அதற்கு முன்னால் நான் சொன்னேன், “ராத்திரிக்கு நான் இருப்பேன் சாந்தா. திங்கக்கெழமையில இருந்து பகல் ஷிஃப்டு. சூப்பர்வைசர்கிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்குச் சொல்லிருவேன்.” போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. “அந்தப் பசங்களோட ஒத்துப் போயிருவீங்களா?” என்றாள். தெரியலை என்றேன். “தூங்குவீங்களா?” அதுவும் தெரியலை. பின்னால் நந்தகோபாலின் குரல், போலாங்களாக்கா. “முழிச்சாலும் பரவால்ல. இருந்தாப் போதும்,” என்றாள். “ராத்திரில எதையுந் தட்டாதீங்க. எனக்கு அந்தச் சத்தம் இப்ப ஆகறதில்ல.” சரி என்றேன். வைத்துவிட்டாள். வந்து இருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை இரண்டு தடவை நினைத்துப் பார்த்தேன், மூன்றாவது தடவை நினைக்காமல் எழுந்தேன்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், ஒரே வரி, அவர் சந்தோஷமுங்கண்ணா என்றார், அவ்வளவுதான், இருபத்தாறு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது. ஆறிப்போன சோற்றை நின்றபடியே நாலு வாய் தின்றேன். நன்றாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன், நெம்பித் தூக்கினால் வந்துவிடுகிறது, அடியிலிருந்து அந்த வெளுத்த எண்ணெய்த் தீவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, வரட்டும். நாலு மணிக்குள் முடியாது. அவள் வரும்போது பாதித் தரைதான் இருக்கும், வாசலில் இருந்து உள்ளே ஒரு ஆறேழு வரிசை, ஒரு நாற்காலி போடலாம், வாக்கர் ஏறும். நாற்காலியில் உட்கார்ந்து மீதியை நான் போடுவதைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிப்பாள், இல்லாவிட்டால் சிரிக்கமாட்டாள். சரிவுத் துண்டை எடுத்துக் கேட்டின் ஓரமாக வைத்து நேர் பார்த்தேன். ரப்பர் சுத்தியல் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. முதல் துண்டின் முளையைச் சரிவின் வளையத்துக்குமேல் பொருத்தி, இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் கனத்தை மெதுவாக இறக்கினேன். உட்கார்ந்தது. அடுத்ததை எடுத்தேன்.